பக்கத்துத் தெருவுக்குக் கண்டம் கடந்த வழி: கென்யாவும் தொழில்நுட்ப உடைமையும்

2000ஆம் ஆண்டு நவம்பரில் நைரோபியில் ஓர் இணையப் பரிமாற்ற நிலையம் திறக்கப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொல்லி மூடப்பட்டது. மூட ஆணையிட்டது எந்த அந்நிய வல்லரசும் அன்று. கென்யாவின் சொந்தத் தகவல்தொடர்பு ஆணையம். முறையிட்டதும் அந்நிய நிறுவனம் அன்று. கென்ய அரசுக்குச் சொந்தமான டெல்காம் கென்யா. ஆப்பிரிக்கா தன் தொழில்நுட்பத்தைத் தானே உடைமையாக்கிக்கொள்ள வேண்டும் என்ற குரல் இன்று மாநாடு தவறாமல் ஒலிக்கிறது. அந்தக் குரலுக்குள் இருக்கும் சிக்கல் இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது.

பரிமாற்ற நிலையம் பெரிய கட்டுமானம் அன்று. ஓர் அறை, சில கருவிகள், ஓர் ஒப்பந்தம். நகரத்தில் உள்ள இணையச் சேவை நிறுவனங்கள் தத்தம் கம்பிகளை அந்த அறைக்குக் கொண்டுவந்து ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அது இல்லாத நாளில், ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சல் பக்கத்துத் தெருவில் வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரைச் சேர வேண்டுமானால், செயற்கைக்கோள் வழியே ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ போய்த் திரும்ப வேண்டும். போகும் வழிக்கும் வரும் வழிக்கும் கட்டணம் கட்டியவர்கள் கென்யர்கள். அந்தப் பயணத்துக்கு 1200 முதல் 2000 மில்லி நொடிகள் வரை ஆயின. பரிமாற்ற நிலையத்தின் வழியே அது 60 முதல் 80 மில்லி நொடிகளாகக் குறைந்தது.

இவ்வளவு எளிய நன்மையை ஓர் அரசு நிறுவனம் ஏன் எதிர்த்தது? நாட்டைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு செய்தியும் அதற்கு வருவாய். வெளிநாட்டு இணைப்பை விற்கும் ஏகபோக உரிமை சட்டப்படி டெல்காம் கென்யாவிடம் இருந்தது. பக்கத்துத் தெருச் செய்தி கண்டம் சுற்றிவருவது நாட்டுக்கு இழப்பு. அந்த நிறுவனத்துக்கோ வரவு.

இதைக் கொண்டு அந்த நிறுவனத்தைத் துரோகி என்று முத்திரை குத்திவிடுவது எளிது. வரலாறு அவ்வளவு எளிதாக இல்லை.

கிழக்காப்பிரிக்கக் கரைக்குச் செய்திக்கம்பி வந்த கதையைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் சூலு வீரர்கள் பிரிட்டிஷ் படையை முறியடித்தார்கள். அந்தச் செய்தி லண்டனை எட்ட ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏடனிலிருந்து சான்சிபார், மொசாம்பிக் வழியாக டர்பன் வரை கடலடித் தந்திவடம் போடப்பட்டுவிட்டது. ஏடன் ஏற்கெனவே 1870இலிருந்து பம்பாயோடும் சூயஸோடும் இணைக்கப்பட்டிருந்தது. ஆக, டர்பனில் நிகழ்வது லண்டனுக்கும் பம்பாய்க்கும் விரைவில் தெரியும்படி ஆயிற்று. துறைமுகத்திலிருந்து பேரரசின் தலைநகருக்குச் செய்தி போவதற்காகப் போடப்பட்ட வடம் அது. ஆப்பிரிக்க ஊரும் ஊரும் பேசிக்கொள்வது அதன் நோக்கத்திலேயே இல்லை.

அந்த வரைபடம் விடுதலைக்குப் பிறகும் நெடுநாள் மாறவில்லை. பிரிட்டன் ஆண்ட நாட்டிலிருந்து பிரான்சு ஆண்ட அண்டை நாட்டுக்குத் தொலைபேசியில் பேச வேண்டுமானால், அழைப்பு லண்டனுக்கும் பாரிசுக்கும் போய் வந்தது. எல்லைக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் இருந்தவரோடு பேசவும் பழைய எசமானர்களின் இணைப்பகம் தேவைப்பட்டது.

எனவே புதிய நாடுகள் தந்தியையும் தொலைபேசியையும் அரசுடைமை ஆக்கியது வெறும் நிர்வாக ஏற்பாடு அன்று. அதுவே அன்றைய விடுதலைச் செயல். 1970இல் பிளவுப் பள்ளத்தாக்கில் லாங்கனாட் செயற்கைக்கோள் நிலையம் எழுந்தது. 1977இல் கிழக்காப்பிரிக்கச் சமூகம் கலைந்த பின் கென்யா தனக்கெனத் தனி அஞ்சல், தொலைத்தொடர்பு நிறுவனத்தை அமைத்துக்கொண்டது. 1999இல் அந்த நிறுவனம் பிரிக்கப்பட்டபோது பிறந்ததுதான் டெல்காம் கென்யா. ஒரு தலைமுறை ஈட்டிய உடைமை அடுத்த தலைமுறையின் வழியில் சுவராக நின்றது என்பதே 2000ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் பொருள்.

உடைமை என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்ப்பது இங்கே பயன்படும். சுவாகிலி மொழியில் ‘உடையவனாயிரு’ என்பதற்குத் தனி வினை கிடையாது. ‘குவா நா’ என்பார்கள். அதன் நேர்ப்பொருள் ‘உடன் இருத்தல்’. சட்டப்படி சொந்தமாக்கிக்கொள்வதைக் குறிக்க ‘குமிலிக்கி’ என்ற வேறு வினை உண்டு. அரபு வேரிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு ஆளுதல் என்ற பொருளும் உண்டு. தமிழிலும் ‘என்னிடம் இருக்கிறது’ என்பது வேறு, ‘என்னுடையது’ என்பது வேறு. ஒரு கருவி ஒருவரிடம் இருக்கலாம். அவர் அதை நாள்தோறும் பயன்படுத்தலாம். ஆயினும் அதை ஆளும் அதிகாரம் வேறெங்கோ இருக்கலாம். கென்யாவின் எண்ணிம வரலாறு இந்த இடைவெளியின் வரலாறு.

பரிமாற்ற நிலையத்தின் கதை நல்லபடியாகவே முடிந்தது. இணையச் சேவை நிறுவனங்களின் சங்கமான டெஸ்போக், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை நாடியது. வெளிநாட்டுப் போக்குவரத்தைத் தாங்கள் கடத்தவில்லை, உள்நாட்டுப் போக்குவரத்தை உள்நாட்டிலேயே நிறுத்துகிறோம் என்று வாதிட்டது. ஓராண்டுக் காலப் போராட்டத்துக்குப் பின் உரிமம் கிடைத்தது. 2002 பிப்ரவரியில் ஐந்து நிறுவனங்களின் இணைப்போடு நிலையம் மறுபடி இயங்கத் தொடங்கியது. 2012இல் கென்யாவின் இணையப் போக்குவரத்தில் 30 விழுக்காடு உள்நாட்டிலேயே பரிமாறப்பட்டது. 2020இல் அது 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது என்று இணையக் கழகத்தின் ஆய்வறிக்கை கணக்கிட்டது.

இந்த எண்ணைக் கொண்டாடும்போது மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்நாட்டில் பரிமாறப்படுவதெல்லாம் உள்நாட்டில் விளைந்தது அன்று. கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் தம் உள்ளடக்கத்தின் படிகளை நைரோபியிலும் மொம்பாசாவிலும் கொண்டுவந்து வைத்ததும் இந்த உயர்வுக்குப் பெருங்காரணம். அறை கென்யாவுடையது, அறைக்குள் ஓடும் சரக்கில் பெரும்பகுதி பிறருடையது. அறை இல்லாதிருந்தால் அந்தச் சரக்குக்கும் கூடுதல் வாடகை கட்டியிருக்க வேண்டும் என்பதும் உண்மை.

அடுத்த கேள்வி கடலைப் பற்றியது. 2002இல் போர்ச்சுகலிலிருந்து மேற்குக் கரையோரமாகத் தென்னாப்பிரிக்கா வரை சாட்-3 ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. அதன் பங்காளிகள் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் ஏகபோகத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள். வடம் கரையேறிய பல நாடுகளில் அதன் வாயிற்கதவு ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒளியிழை வந்தும் விலை இறங்கவில்லை. ஆப்பிரிக்க நிறுவனங்கள் பங்குதாரர்களாக இருந்தும் ஆப்பிரிக்கப் பயனாளிக்கு அதனால் கிடைத்தது குறைவு.

கிழக்குக் கரையில் ஈசி என்ற வடம் திட்டமிடப்பட்டபோது இந்தப் பாடம்தான் சண்டையாக வெடித்தது. பழைய முறையில் மூடிய கூட்டமைப்பாக அமைப்பதா, எவரும் ஒரே நியாயமான விலைக்கு வாங்கும்படி திறந்து வைப்பதா என்று ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் நெபாட் அமைப்பு 2006இல் கிகாலி நெறிமுறையை முன்வைத்தது. அதில் தென்னாப்பிரிக்காவின் கை ஓங்குமோ என்ற ஐயம் கென்யாவுக்கு இருந்தது. கென்யா கையெழுத்திடாமல் தனி வழி தேடியது. அதன் விளைவே மொம்பாசாவையும் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவையும் இணைத்த டீம்ஸ் வடம். அதில் 85 விழுக்காடு கென்ய அரசும் கென்ய நிறுவனங்களும் சேர்ந்த கூட்டுக்கு. 15 விழுக்காடு எடிசலாட் நிறுவனத்துக்கு. அது 2009 ஜூனில் மொம்பாசாக் கரையைத் தொட்டது. பெரும்பங்கு ஆப்பிரிக்க முதலீட்டாளர்களுக்குரிய தனியார் வடமான சீகாம் அதே ஆண்டு ஜூலை 23 அன்று இயங்கத் தொடங்கியது. ஈசி 2010இல் வந்தது. ஒளியிழையே இல்லாத கரைக்கு ஓராண்டு இடைவெளியில் மூன்று வடங்கள்.

கண்ட ஒற்றுமையின் பார்வையில் கென்யாவின் முடிவு தன்னலமாகத் தோன்றலாம். ஆனால் ஒரே வடத்துக்கு ஒரே கதவு என்ற நிலையை உடைத்தது இந்தப் போட்டிதான். தேசியப் பெருமிதம் இங்கே தற்செயலாகப் பொதுநன்மைக்கு உதவியது. எல்லா இடத்திலும் அப்படி உதவும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது.

அலைபேசி வழிப் பணத்தின் கதை இன்னும் நுட்பமானது. 2000களின் தொடக்கத்தில் உகாண்டா, கானா, போட்ஸ்வானா நாடுகளில் மக்கள் அலைபேசிப் பேச்சு நேரத்தையே பணமாகக் கைமாற்றிவந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். நகரத்தில் இருக்கும் மகன் பேச்சு நேரத்தை வாங்கி ஊருக்கு அனுப்புவான். ஊரில் அதை விற்றுக் காசாக்கிக்கொள்வார்கள். எந்த நிறுவனமும் வடிவமைக்காத வழக்கம் அது. இதையடுத்து பிரிட்டிஷ் அரசின் வளர்ச்சி உதவித் துறையின் நிதியும் வோடஃபோன் நிறுவனத்தின் நிதியும் சேர்ந்து ஒரு சோதனைக்கு வித்திட்டன. மென்பொருளை எழுதியது கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு நிறுவனம். 2005இல் நைரோபியிலும் திக்காவிலும் சோதனை நடந்தபோது அதன் நோக்கம் பணம் அனுப்புவது அன்று. சிறுகடன் தவணையை அலைபேசி வழியே கட்டவைப்பதுதான். பயனாளிகள் அதைத் தங்களுக்குள் பணம் அனுப்பிக்கொள்ளப் பயன்படுத்தினார்கள். வடிவமைத்தவர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் எம்-பெசாவை அறிமுகப்படுத்தியது.

பெசா என்பது சுவாகிலியில் பணம். அது இந்தியாவின் பைசாவிலிருந்து வந்தது; இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் ரூபாயும் பைசாவும் கிழக்காப்பிரிக்கக் கரையில் புழங்கிய காலத்தின் எச்சம். பிரிட்டிஷ் கிழக்காப்பிரிக்காவில் 1920 வரை ரூபாயே நாணயம். வந்த சொல்லுக்குத் தன் ஒலியையும் பயனையும் கொடுத்து அந்தக் கரை அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. சொல்லை அப்படிச் சொந்தமாக்க எவருடைய உரிமமும் தேவைப்படவில்லை. மென்பொருளில் அது நடக்கவில்லை.

எம்-பெசாவின் அறிவுசார் சொத்துரிமை வோடஃபோனிடம் இருந்தது. அதைப் பயன்படுத்துவதற்காகச் சஃபாரிகாம் உரிமக் கட்டணம் செலுத்தியது. 2015 வரை அதன் சர்வர்கள் ஜெர்மனியில் இருந்தன. மொம்பாசாவில் மீன் வாங்கியவர் மீன்காரருக்கு அனுப்பிய தொகை ஐரோப்பாவில் ஒரு கணினியில் பதிவாகித் திரும்பியது. 2000ஆம் ஆண்டின் மின்னஞ்சல் நடந்த அதே வழி. 2015இல் சர்வர்கள் கென்யாவுக்கு மாறின. புதிய மென்தளத்தைக் கட்டித்தந்தது சீனாவின் ஹுவாவே. 2020 ஏப்ரலில்தான் சஃபாரிகாமும் தென்னாப்பிரிக்காவின் வோடாகாமும் கூட்டாக எம்-பெசாவின் பெயரையும் தளத்தையும் வோடஃபோனிடமிருந்து வாங்கின. பதின்மூன்று ஆண்டுகள் கென்யாவிடம் இருந்த ஒன்று அப்போதுதான் ஒருவகையில் கென்யாவினுடையதும் ஆயிற்று. ‘ஒருவகையில்’ என்று சொல்லக் காரணம், வோடாகாமின் பெரும்பங்கு வோடஃபோனுக்குரியது.

எம்-பெசாவை ஒரு கென்ய மாணவர் கண்டுபிடித்தார், நிறுவனம் அதைத் திருடிக்கொண்டது என்ற கதை அந்நாட்டில் நெடுங்காலமாக உலவுகிறது. அதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்த வதந்தி சாகாமலிருப்பதை வரலாற்றாசிரியர் புறந்தள்ளக் கூடாது. பேச்சு நேரத்தைப் பணமாக்கியவர்கள், கடன் கருவியைப் பணம் அனுப்பும் கருவியாகத் திருப்பியவர்கள், தெருமுனைக் கடைகளை முகவர் நிலையங்களாக்கியவர்கள் எல்லாரும் மக்கள். அந்தக் கூட்டுப் படைப்பைப் பதிவுசெய்யச் சொத்துரிமைச் சட்டத்தில் பத்தி இல்லை. சட்டத்தில் இடமில்லாத ஓர் உண்மை வதந்தியில் ஒற்றை மாணவனாக உருவெடுத்திருக்கிறது.

இதில் அரசின் பங்கையும் மறக்கலாகாது. 2007இல் கென்ய நடுவண் வங்கி எம்-பெசாவைத் தடுக்கவில்லை. எதிர்ப்பில்லை என்ற கடிதம் கொடுத்துக் கவனித்துவந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் பரிமாற்ற நிலையத்தை மூடியதும் இதே அரசின் ஓர் ஆணையம்தான். இருப்பதைக் காப்பதா, வருவதற்கு இடம் கொடுப்பதா என்பதில் ஒரே அரசின் இரு கைகள் இரு விதமாக நடந்தன. வேறுபாட்டுக்கு ஒரு காரணம் தெளிவு. பரிமாற்ற நிலையம் அரசு நிறுவனத்தின் வருவாயைத் தொட்டது. எம்-பெசா தொட்டது வங்கிகளின் எல்லைக்கு வெளியே இருந்த மக்களை.

வழி, கருவி என்ற இரண்டையும் தாண்டி இன்று சர்ச்சை தரவுக்கு வந்திருக்கிறது. 2019இல் கென்ய அரசு ஹுடுமா நம்பா என்ற பெயரில் அனைவரின் உடலடையாளங்களையும் திரட்டத் தொடங்கியது. நூபிய உரிமை மன்றம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிரிட்டிஷ் படையில் சேர்க்கப்பட்டுச் சூடானிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நூபியர்கள். அடையாள அட்டை பெறவே தனி விசாரணைக் குழுக்களின் முன் நிற்க வேண்டியிருந்தவர்கள். எண் இல்லாமல் சேவை இல்லை என்றால் தங்கள் புறக்கணிப்பு நிலைபெற்றுவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். 2020 ஜனவரியில் வந்த தீர்ப்பு டி.என்.ஏ.வையும் இருப்பிட விவரத்தையும் திரட்டக் கூடாது என்றது. முறையான சட்ட ஏற்பாடு வேண்டும் என்றது. இந்தியாவின் ஆதார் தீர்ப்பும் அந்த வழக்கில் விவாதிக்கப்பட்டது. 2021 அக்டோபரில் மற்றொரு தீர்ப்பு, தரவுப் பாதுகாப்புத் தாக்க மதிப்பீடு செய்யாமல் அட்டை வழங்கியது செல்லாது என்றது.

2023இல் கருவிழிப் படத்துக்கு ஈடாக மின்நாணயம் தந்த வேர்ல்ட்காயின் திட்டத்துக்காக நைரோபியில் நீண்ட வரிசைகள் நின்றன. ஆகஸ்டில் அரசு அதை நிறுத்தியது. 2025 மே மாதம் திரட்டிய உடலடையாளத் தரவை அழிக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு சொந்த அரசு; மற்றொன்றில் அந்நிய நிறுவனம். மக்களின் கேள்வி இரண்டிலும் ஒன்றே: ‘எங்களைப் பற்றிய தரவை வைத்து எங்களைக் கேளாமல் முடிவெடுப்பது யார்?’

உழைப்பின் பக்கமும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் புகட்ட, வன்முறையும் வக்கிரமும் நிறைந்த எழுத்தை வாசித்து வகைப்படுத்திய நைரோபித் தொழிலாளர்களுக்கு மணிக்கு 1.32 முதல் 2 டாலர் வரை மட்டுமே கையில் கிடைத்தது என்று 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளிப்படுத்தியது. அந்தக் கருவி இன்று உலகெங்கும் இருக்கிறது. அதைக் கூர்தீட்டியவர்களுக்கு அதில் பங்கில்லை.

இனி வரும் காலத்தின் வடிவம் கடலடியில் தெரிகிறது. இன்று ஆப்பிரிக்காவைச் சூழும் பெரும் வடங்களில் ஒன்றான ஈக்வியானோ கூகுளுடையது. கண்டத்தையே சுற்றும் 2ஆப்பிரிக்கா மெட்டா தலைமையிலான கூட்டமைப்புக்குரியது. அடிமையாக விற்கப்பட்டு, விடுதலை பெற்று, அடிமை வணிகத்துக்கு எதிராக எழுதியவர் ஒலாடா ஈக்வியானோ. அவர் பெயரை வடத்துக்கு வைத்தது கூகுள். வடங்களால் கொள்ளளவு பெருகும், விலை குறையும். ஆனால் 2024 மே 12 அன்று ஈசியும் சீகாமும் ஒருசேர அறுந்து கிழக்காப்பிரிக்க இணையம் தடுமாறியபோது, உடைமையின் இன்னொரு முகம் வெளிப்பட்டது: அறுந்ததை ஒட்டும் திறன். கேப் டவுனை இருப்பிடமாகக் கொண்ட பழுதுநீக்கும் கப்பல் பிரெஞ்சு நிறுவனத்துடையது.

2025 டிசம்பரில் கென்ய அரசு, சஃபாரிகாமில் தான் வைத்திருந்த 35 விழுக்காட்டுப் பங்கில் 15 விழுக்காட்டை வோடாகாமுக்கு விற்கும் திட்டத்தை அறிவித்தது. வோடஃபோனின் 5 விழுக்காடும் சேர்ந்தால் வோடாகாமின் பங்கு 55 ஆகும். 2020இல் கைக்கு வந்ததாகச் சொல்லப்பட்டது எங்கே நிற்கும் என்ற கேள்வி அங்கே மறுபடி எழுந்திருக்கிறது.

இந்தக் கால் நூற்றாண்டை ஒருசேரப் பார்த்தால், உடைமை என்பதைப் பங்குப் பட்டியலால் மட்டும் அளக்க முடியாது என்பது புலப்படும். 2000இல் டெல்காம் கென்யா முழுக்க முழுக்கக் கென்யாவினுடையது. அதுவே கென்யர்களின் வழியை அடைத்தது. சாட்-3இல் ஆப்பிரிக்கப் பங்குகள் இருந்தன, விலை இறங்கவில்லை. ஹுடுமா நம்பா சொந்த அரசின் திட்டம். சொந்தக் குடிமக்களே அதை எதிர்த்து வழக்காட வேண்டியிருந்தது. அந்நிய உடைமை தீங்கற்றது என்று இதற்குப் பொருளில்லை. எம்-பெசாவின் பதின்மூன்று ஆண்டுகளும் நைரோபித் தொழிலாளர்களின் கூலியும் அதற்குச் சாட்சி. கேள்வியை அடுக்கடுக்காகக் கேட்க வேண்டும் என்பதே பொருள். வழி யாருடையது, கதவு யாருடையது, கருவியை மாற்றும் உரிமை யாருக்கு, தரவை மறுக்கும் உரிமை யாருக்கு, பழுதானால் சரிசெய்பவர் யார், தவறு நேர்ந்தால் எந்த ஊர் நீதிமன்றத்தில் கேட்க முடியும்?

இவற்றுள் கென்யா மிக உறுதியாக வென்றெடுத்தது எது என்று பார்த்தால், பெருமுதலீட்டில் வந்த எதுவும் அன்று. ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான ஐந்து நிறுவனங்கள் ஒரே அறையில் கம்பியை இணைக்க ஒப்புக்கொண்ட அந்தப் பரிமாற்ற நிலையமே. அதை விற்றுவிடுவதும் எளிதன்று. ஏனெனில் அது தனியொருவர் சொத்தாக இல்லை. சுவாகிலி சொல்வதுபோல, அது அவர்களுடன் இருக்கிறது.